கர்னல் பேசிய தமிழ்

கோடம்பாக்கத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த டப்பிங் அறையில்தான் கஜபதி அந்த ஜப்பான் கர்னலை முதன்முதலில் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில், இவனுக்கு யார் குரலைக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டான்.

அது இரண்டாயிரமாவது வருஷம், சித்திரை வெயில். கஜபதிக்கு இருபத்தொன்பது வயது. திருத்தணியிலிருந்து விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்து வந்து, ஹாங்காங் சண்டைப் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவதும் அவற்றில் வரும் வில்லன்களுக்குக் குரல் கொடுப்பதும் அவன் பிழைப்பு. ஆறு வருஷத்தில் நாற்பது தடவையாவது குரலால் செத்திருப்பான். மலையிலிருந்து உருண்டு, கத்தி பாய்ந்து, கொதிக்கிற எண்ணெயில் விழுந்து என்று எந்தச் சாவாக இருந்தாலும் அதற்கு அவனிடம் ஒரு அலறல் தயாராக இருந்தது.

இந்தப் படம் கொஞ்சம் வேறு மாதிரி. யுத்த காலக் கதை. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் குங்ஃபூ பள்ளி நடத்துகிறார் ஹோ என்ற மாஸ்டர். ஜப்பான் ராணுவம் ஊரைப் பிடித்து, பள்ளியைக் குதிரை லாயம் ஆக்குகிறது. நூறு பேரைத் தனியாளாக அடிக்கக்கூடிய மாஸ்டர், ஊர்க்காரர்களின் உயிருக்காகக் கையைக் கட்டிக்கொண்டு அதே லாயத்தில் குதிரைகளுக்குத் தண்ணீர் சுமக்கிறார். ஊர் வாசலில் கர்னல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிறவர்களையும் வருகிறவர்களையும் தலை குனியச் சொல்கிறான். குனியாதவர்களை வெயிலில் நிறுத்துகிறான்.

கர்னலாக நடித்தவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நீளமாகப் பேசுவான். பேசி முடித்து உதட்டை மூடுவான். ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு, மறுபடி வாயைத் திறந்து சின்னதாக இரண்டு சொல் சொல்லுவான். கஜபதி டேப்பை நிறுத்தச் சொன்னான். திருப்பிப் போட்டுப் பார்த்தான். அந்த உதட்டசைவில் இரண்டு தமிழ்ச் சொல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"சரிதானே? சரிதான்."

கேள்வியும் தானே கேட்டு, பதிலும் தானே சொல்லிக்கொள்ளும் அந்த இரண்டு சொல்லைத் திருத்தணியில் தெரியாதவர்கள் கிடையாது. அரிசி மில் முதலாளி சிவப்பிரகாசத்தின் பேச்சு அது. முதலில் தொண்டையை ஒரு செருமல் செருமுவார். பிறகு விஷயம். கடைசியில் 'சரிதானே? சரிதான்.' ஒன்பது வருஷமாகக் கஜபதியின் காதுக்குள் குடியிருந்த குரல்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், கஜபதி அரக்கோணத்துக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்த காலம். அவன் அப்பா பங்காரு ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கரில் வேர்க்கடலையும் கத்தரியும் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து நிலம் சிவப்பிரகாசத்துடையது. ஒருநாள் அவர் கிணற்றிலிருந்து மோட்டார் காணாமல் போயிற்று. காலையில் அந்தப் பக்கம் முதலில் போனவர் பங்காரு என்று யாரோ சொன்னார்கள். போலீசுக்கெல்லாம் போகவில்லை. சிவப்பிரகாசம் ஆள் அனுப்பி பங்காருவை மார்க்கெட் வாசலுக்கு வரவழைத்தார். துண்டை இடுப்பில் கட்டச் சொன்னார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கச் சொன்னார். ஒன்பது மணி வெயிலில் நிறுத்தி, "எடுத்தியா?" என்று கேட்டார்.

"எடுக்கலீங்க" என்றார் பங்காரு. நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று. காய்கறி வாங்க வந்தவர்கள், மலைக்குப் போக வந்தவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கேட்டபோதெல்லாம் அதே பதில், அதே நேர்ப்பார்வை. பதினோரு மணி வாக்கில் திடீரென்று பங்காரு தலையைக் கீழே போட்டார். அப்புறம் நிமிரவே இல்லை.

சிவப்பிரகாசம் நாற்காலியை விட்டு எழுந்தார். தொண்டையைச் செருமினார். "பாத்துக்கினீங்களா? மடியில கனமில்லாதவன் ஏன் தல குனியறான்? திருடன்தானே? திருடன்தான்."

ஜனங்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கூட்டத்தில் கஜபதியும் இருந்தான். அன்றைக்கு வகுப்பு இல்லை என்று அரக்கோணத்து ரயிலிலிருந்து இறங்கி சிநேகிதர்களோடு வந்தவன், நடுவில் நிற்பது தன் அப்பா என்று தெரிந்ததும் ஒரு வாழைக்காய் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினான். சிநேகிதர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று உடம்பெல்லாம் கூசியது. சிவப்பிரகாசம் பேசி முடித்ததும் அப்படியே சந்துக்குள் நுழைந்து வீட்டுக்குப் போய்விட்டான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மோட்டார் மூன்றாம் நாள் ஆர்.கே.பேட்டையில் சிவப்பிரகாசத்தின் மச்சான் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடந்ததாகப் பேச்சு வந்தது. பேச்சாகவே போய்விட்டது. பங்காரு அதற்குப் பிறகு ஊருக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நிலம், வீடு, நிலம். நான்கு வருஷம் அப்படி நடந்து, தொண்ணூற்றைந்தில் ஒரு மார்கழிக் காலையில் எழுந்திருக்காமல் போய்விட்டார்.

அப்பாவைப் புதைத்த மண் ஈரம் காய்வதற்குள் கஜபதி சிவப்பிரகாசத்தின் குரலைப் பழக ஆரம்பித்தான். எதற்கு என்று அப்போது அவனுக்கே தெரியாது. அவர் மைக் பிடிக்கும் இடத்துக்கெல்லாம் போனான். கோயில் விழாக்கள், கல்யாண மண்டபம், பள்ளிக்கூட ஆண்டு விழா. முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். செருமல் தொண்டையின் எந்த இடத்தில் பிறக்கிறது, 'சரிதானே'வில் எந்த எழுத்து தூக்கலாக வருகிறது என்றெல்லாம் கற்றான். காலி ரயில் பெட்டியில் பேசிப் பார்த்தான். ஒருநாள் கரும்புத் தோட்டத்து ஓரம் நின்று அந்தக் குரலில் அதட்டினான். உள்ளே கரும்பு முறித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், முதலாளி வந்துவிட்டார் என்று எழுந்து ஓடினார்கள். அன்றைக்குத்தான் அவனுக்கு அப்பா செத்த பிறகு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

கர்னலின் வசனங்களை எழுத அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. மார்க்கெட் வாசலில் அன்றைக்குச் சிவப்பிரகாசம் பேசிய பேச்சை ஒன்றுவிடாமல் கர்னலின் வாயில் போட்டான். மோட்டாருக்குப் பதில் துப்பாக்கி. பங்காருவுக்குப் பதில் மாஸ்டர் ஹோ. 'ஏன் தல குனியறான்' என்பதற்குப் பதில் 'ஏன் தல குனிய மாட்டேங்கறான்'. மற்றதெல்லாம் அப்படியே.

டப்பிங் பட முதலாளி ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஏம்ப்பா, ஜப்பான்காரன் திருத்தணி பாஷை பேசறான்?"

"ஜனங்களுக்குப் பிடிக்கும் சார். பாருங்க."

ஒரு காட்சி மட்டும் பாக்கி இருந்தது. கர்னல் மாஸ்டரை வாசலில் நிறுத்தி, தலை குனியச் சொல்கிறான். மாஸ்டர் குனியவில்லை. கேமரா அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிடுகிறது. முக்கால் நிமிஷம் வெறும் முதுகும் வெயிலும்தான். சீன மூலத்தில் அவர் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகுக்கு உதடு கிடையாது. டப்பிங்காரனுக்கு முதுகு தெரிந்தால் போதும், மகாபாரதமே சொல்லலாம். கஜபதி அந்த முதுகுக்கு எழுதினான்:

"கர்னல்! கேள்வியையும் நீயே கேக்கற, பதிலையும் நீயே சொல்லிக்கற. ஒருநாள் வரும். அன்னிக்கி நீ கேள்வி மட்டும் கேட்டுட்டு நிப்ப. பதிலை நாங்க சொல்லுவோம்!"

மாஸ்டருக்குக் குரல் கொடுத்தவர் அதைப் பேசி முடித்தபோது கஜபதியின் கண் கலங்கியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

'எரிமலை மாஸ்டர்' என்று பேர் வைத்துப் படத்தை வெளியிட்டார்கள். மெட்ராசில் இரண்டு வாரம் சுமாராக ஓடியது. சுற்றிச் சுற்றி, ஆடிக்கிருத்திகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை திருத்தணிக்கு வந்து சேர்ந்தது. ஊர் முழுக்கக் காவடிக் கூட்டம். மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு பஸ் கிடைக்கும்வரை நிழலில் உட்கார ஓர் இடம் வேண்டும். தியேட்டர் நிரம்பிவிட்டது.

கஜபதி கடைசி வரிசைக்குப் பின்னால் மெஷின் ரூமில், ஆபரேட்டர் டில்லிபாபுவோடு நின்றான். டில்லிபாபு அவனோடு படித்தவன். விஷயம் எதுவும் அவனுக்குத் தெரியாது.

திரையில் கர்னல் குதிரையிலிருந்து இறங்கினான். நாற்காலியில் உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

முன்வரிசையில் பேச்சு நின்றது.

"இந்த ஊரு இனிமே என்னுது. நான் சொல்றதுதான் நியாயம். சரிதானே? சரிதான்."

பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒருவன் எழுந்து கத்தினான். "டேய், மில்லுக்காருடா!"

அப்புறம் படத்தை யாரும் கேட்கவில்லை. கர்னல் வாயைத் திறந்தால் விசில். 'சரிதானே' என்று அவன் இழுத்தால், 'சரிதான்' என்று அறுநூறு பேர் முடித்தார்கள். முதுகுக் காட்சியில் சில்லறை பறந்தது. கடைசியில் மாஸ்டர் கர்னலைப் படகிலிருந்து ஆற்றில் உதைத்துத் தள்ளியபோது, வெளியூர்க் காவடிக்காரர்கள்கூட என்ன ஏது என்று தெரியாமல் "அரோகரா!" போட்டார்கள்.

டில்லிபாபு மெஷினை விட்டுவிட்டுக் கஜபதியைத் திரும்பிப் பார்த்தான். "நீயா?"

"ஆங்."

"உன்ன வெட்டிப் போட்ருவான்."

"போடட்டும்" என்றான் கஜபதி. உடம்பு காய்ச்சல் கண்டதுபோல் சுட்டது. ஆனால் இனித்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வாரத்தில் சிவப்பிரகாசத்துக்குக் 'கர்னல்' என்ற பேர் நிலைத்துவிட்டது. மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பொத்துவதை விட்டுவிட்டார்கள். ஒருநாள் ஈர மூட்டையை உள்ளே அடுக்கிவிட்டார்கள் என்று அவர் கத்தினார். "ஒர்த்தனுக்கும் பொறுப்பு கெடையாது. சோம்பேறிங்க. சரிதானே?"

"சரிதான்!" என்று பதினாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கணக்குப்பிள்ளைதான் தயங்கித் தயங்கிப் படத்தைப் பற்றிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்கு, டிரைவரைக் கூட்டிக்கொண்டு சிவப்பிரகாசம் தானே வந்து உட்கார்ந்தார். அன்றைக்குத் தியேட்டரில் படத்தைப் பார்த்தவர்களைவிட அவரைப் பார்த்தவர்கள் அதிகம். அவர் அசையாமல் கடைசிவரை பார்த்தார். வெளியே வந்தார். சைக்கிள் ஸ்டாண்டு அருகே நூறு பேர் சும்மா நிற்பதுபோல் நின்றார்கள். அவர் டிரைவரிடம் கேட்டார்.

"அவன் எங்கடா என்னாட்டம் பேசறான்? அது என் குரலா?"

"இல்லீங்க மொதலாளி."

சிவப்பிரகாசம் செருமினார். "இல்லதானே? இல்லதான்."

சைக்கிள்கள் சரிந்து விழும் அளவுக்கு அங்கே ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பின் நடுவில், தான் இப்போது சொன்னது தன் காதிலேயே விழுந்து, சிவப்பிரகாசத்தின் முகம் மெல்ல வெளுப்பதைக் கஜபதி டிக்கெட் கவுண்டர் ஓரத்திலிருந்து பார்த்தான். ஒரு மனுஷன் அறுபது வயதில் தன் குரலை முதன்முதலாகக் கேட்கிறான். அந்த முகத்தைக் கஜபதி நெஞ்சில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

அதோடு மில்லில் அதட்டல் ஓய்ந்தது. முதலாளி கையால் ஜாடை காட்டுகிறார், எழுதிக் கொடுக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எந்த மேடையிலும் அவரைக் காணோம். கஜபதி தினமும் டில்லிபாபுவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான். ஒவ்வொரு சேதியையும் மிட்டாயைப்போல் வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டான்.

மூன்றாவது வாரம் அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துக்கொண்டு போனான்.

அம்மா கோமளவல்லிக்குச் சினிமாவில் ஆசை கிடையாது. "நான் எழுதின படம்மா, ஒரு தபா வந்து பாரு" என்று வற்புறுத்தினான். என்ன படம் என்று சொல்லவில்லை. அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தான். அவள் முகம் மலர்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒன்பது வருஷமாக ஏங்கியதுபோல் இருந்தது.

கர்னல் முதன்முதலாகச் செருமியபோது அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடவில்லை. வாசல் காட்சி வந்தது. மாஸ்டரை வெயிலில் நிறுத்தினான் கர்னல். செருப்பைக் கையில் பிடிக்கச் சொன்னான். சுற்றிலும் விசிலும் சிரிப்புமாக இருந்தது. "மடியில கனமில்லாதவன்…" என்று கர்னல் தொடங்கியதும் கோமளவல்லி எழுந்தாள். உட்கார்ந்திருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு, இருட்டில் தடவித் தடவி வெளியே போய்விட்டாள்.

கஜபதி பின்னாலேயே ஓடினான். "அம்மா, இரும்மா. இப்பதான் அவரு பதில் சொல்வாரு. அதக் கேட்டுட்டு போலாம்."

அவள் நிற்கவில்லை. வீடு வந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"உங்க நைனாவ நிக்கவச்சி ஊரே மறுபடி சிரிக்குது. நீதான் செஞ்சியா?"

"அவரப் பாத்து இல்லம்மா. மில்லுக்காரனப் பாத்து சிரிக்கிறாங்க."

"எனக்கு வித்தியாசம் தெரியலடா."

கஜபதிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாஸ்டர் என்ன பதில் சொல்கிறார் என்று அவளுக்குச் சொன்னான். நின்றபடி, அதே ஏற்ற இறக்கத்தோடு முழுவதையும் பேசிக் காட்டினான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லா கீது. ஆனா உங்க நைனா அப்படியெல்லாம் பேசற ஆளு இல்ல."

"பேசியிருக்கணும்மா! தலையக் குனியாம நின்னிருந்தா…"

"அவரு ஏன் குனிஞ்சாரு தெரியுமா ஒனக்கு?"

அவன் நிறுத்தினான்.

"ரெண்டு மணி நேரம் நிமிந்துதான் நின்னாரு. அப்புறம் வாழக்கா வண்டியாண்ட உன்னப் பாத்துட்டாரு. புள்ள மூஞ்சியப் பாக்க முடியாம குனிஞ்சாரு. வீட்டுக்கு வந்ததும் என்னாண்ட கேட்ட மொத வார்த்தை, 'கஜா சாப்ட்டானா'ன்னு. அவரு உன்னப் பாத்தது தெரிஞ்சா நீ ஒடிஞ்சிருவன்னு, சாவற வரைக்கும் ஒன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

கஜபதி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒளிந்தது தனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று ஒன்பது வருஷம் நினைத்திருந்தான். அப்பா அதை மனசில் வைத்துக்கொண்டேதான் நான்கு வருஷமும் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறார், ரயில் பாஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் தலை குனிந்ததை வைத்துத்தான் ஊர் அவரைத் திருடன் என்றது. அந்தக் குனிவு இவனால் வந்தது.

அழுது முடித்தபோது அவன் மனசில் இருந்த வன்மம் குறையவில்லை. இதுவரை வேடிக்கை காட்டியாயிற்று, இன்னும் உண்மையைக் கேட்கவில்லை என்று தோன்றியது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மில்லுக்குப் போனான். சிவப்பிரகாசம் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். ஆள் இளைத்திருந்தார். யார் என்று கையால் கேட்டார்.

"பங்காரு மவன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வாயைத் திறந்தார். "எந்த பங்காரு?"

என்னென்னவோ எதிர்பார்த்து வந்த கஜபதிக்கு இது எதிர்பாராத அடி. திட்டுவார், ஆளை விட்டு அடிப்பார், காலில் விழுவார் என்றெல்லாம் நினைத்திருந்தான். மறந்திருப்பார் என்று நினைக்கவில்லை.

அவன் தொண்டையைச் செருமினான். அந்தக் குரலிலேயே சொன்னான். "பாத்துக்கினீங்களா? மடியில கனமில்லாதவன் ஏன் தல குனியறான்? திருடன்தானே? திருடன்தான்."

மூட்டை தூக்குகிறவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சிவப்பிரகாசம் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். "நீதானா அது?"

"நான்தான்."

"மோட்டாரு…" என்று முணுமுணுத்தார். நினைவு வந்துவிட்டது. "ஆங். கடலக்காய் போட்டுகினு இருந்தானே. அவன்."

"அவரு."

"…அவரு."

"மோட்டாரு யார் வீட்ல இருந்துச்சி?"

"மச்சான் வீட்ல."

"எப்ப தெரிஞ்சிது?"

"அன்னிக்கி சாயந்திரமே."

"ஏன் சொல்லல?"

"நிக்கவச்சாச்சிப்பா. அதுக்கப்புறம் போயி இன்னான்னு சொல்றது? நெறைய பேர நிக்கவச்சிருக்கேன். எல்லார் வீட்டுக்கும் போயி சொல்லிகினா இருக்க முடியும்?"

பக்கத்தில் மூட்டை தூக்கும் கொக்கி ஒன்று கிடந்தது. கஜபதி அதைப் பார்த்தான். பார்வையை அதிலிருந்து பிடுங்கி எடுக்க அவனுக்கு வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

"இப்ப வந்து சொல்லுங்க. மார்க்கெட் வாசல்ல. எங்க நைனா பேரச் சொல்லி."

சிவப்பிரகாசம் சிரிக்க முயன்றார். "நான் வாயத் தொறந்தா சிரிக்கிறாங்கப்பா. நீதான பண்ணி வச்ச?"

"சிரிச்சா சிரிக்கட்டும். வாங்க. இல்லாட்டி அடுத்த படமும் என் கையிலதான் கீது. அதுக்கடுத்ததும் வரும். ஆயுசு பூரா செத்துகினே இருப்பீங்க."

அவர் எழுந்தார். காரை எடுக்க வந்த டிரைவரை வேண்டாம் என்று கையமர்த்தினார். நடந்தே போனார்கள். கர்னல் வருகிறார் என்று கடைக்குக் கடை சேதி ஓடியது. மார்க்கெட் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது.

சிவப்பிரகாசம் நடுவில் நின்று செருமினார். அதற்கே ஒரு விசில் வந்தது.

"பங்காருன்னு ஒர்த்தரு. மோட்டாரு திருடினாருன்னு இங்க நிக்கவச்சேன். அவரு திருடல. எடுத்தது எம்மச்சான். எனக்கு அன்னிக்கே தெரியும். தப்பு என்னுது. என்னுதுதானே? என்னுதுதான்."

நாற்பது வருஷப் பழக்கம், அங்கேயும் வாயிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. "உன்னுதுதான்!" என்று கூவினார்கள். ஒருவன் இன்னொருவன் முதுகில் தட்டி ஆடினான். படத்துக்கு விளம்பரம் என்று நினைத்தார்களோ என்னவோ. அவர் சொன்ன விஷயம் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

கஜபதிக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவைத் திருடன் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே வாய் இதுதான். அந்த வாயை இவனே கேலிப் பொருளாக்கி வைத்திருக்கிறான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவில் போய் நின்றான். "சிரிக்காதீங்க!" என்று கத்தினான். எத்தனையோ பேர் குரலில் கத்தியவனுக்குத் தன் குரல் மெலிசாகவும் அந்நியமாகவும் இருந்தது. "நான் பங்காரு மவன். கர்னலுக்குக் குரல் குடுத்தது நான்தான். அன்னிக்கி எங்க நைனா இங்க நிக்கும்போது நான் அந்தாண்ட ஒளிஞ்சிகினு இருந்தேன். என்னப் பாத்துதான் அவரு தல குனிஞ்சாரு. திருடினதால இல்ல. கேட்டுக்குங்க!"

சிரிப்பு பாதியாகக் குறைந்தது. கஜபதி சிவப்பிரகாசத்தின் பக்கம் திரும்பினான்.

"இன்னொரு தபா சொல்லுங்க."

அவர் சொன்னார். பின்வரிசையில் சிரித்தார்கள்.

"இன்னொரு தபா."

சொன்னார்.

"இன்னொரு தபா."

வேர்வை அவர் சட்டையை நனைத்துவிட்டது. நாக்கு உலர்ந்தது. யாரோ சோடா நீட்டினார்கள். கஜபதி அதை வாங்கிக் கீழே ஊற்றினான். ஐந்தாம் தடவை சிரித்தவர்களைப் பக்கத்தில் நின்றவர்கள் அதட்டினார்கள். ஏழாம் தடவை சொன்னபோது 'தானே'யும் இல்லை, 'தான்' என்பதும் இல்லை. "பங்காரு திருடல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல." அவ்வளவுதான். மார்க்கெட் வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. காய்கறிக்காரப் பெண் ஒருத்தி காறித் துப்பினாள். அது சிவப்பிரகாசத்தின் காலடியில் விழுந்தது. அவர் நகரவில்லை.

"போதுமாப்பா?" என்று கேட்டார்.

"எனக்குப் போதாது" என்றான் கஜபதி. "ஆனா நீங்க போலாம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னான். கோமளவல்லி முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கேட்டாள். கண் கலங்கவில்லை. ஏழு தடவை என்றதும் கை நின்றது. எதிரே யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு பேராகக் கேட்டாள். அவன் நினைவு வந்தவர்களைச் சொன்னான்.

"ஜெயம்மா இருந்தாளா?"

ஜெயம்மா பங்காருவின் கூடப்பிறந்த அக்கா. திருவாலங்காட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. மோட்டார் விவகாரம் நடந்த அடுத்த மாசம் தன் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கிறார்கள் என்று சொந்தத் தம்பியைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பியவள்.

"அவங்க எங்கம்மா இங்க வரப்போறாங்க?"

"அப்ப அவளுக்கு யார் சொல்றது?"

கோமளவல்லி முறத்தைக் கீழே வைத்தாள். புடவையை உதறிக் கட்டினாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடினாள்.

"நானும் வரட்டுமாம்மா?"

"நீ வேணாம். நான் ஒன்ன மாதிரி யார் குரல்லயும் பேச மாட்டேன். எனக்கு என் குரலே போதும்" என்றாள். வாசலைத் தாண்டியவள் திரும்பிக் கேட்டாள். "ஆலங்காட்டு பஸ்ஸு பன்னெண்டு மணிக்கா, பன்னெண்டரைக்கா?"